ஆணி இல்லாத துண்டு

என் வீட்டுக்காரர் ஹென்றிக்குக் கடலென்றால் பயம். சாந்தோமில் பிறந்து, கோயில் மணியோடு அலைச் சத்தமும் காதில் விழுகிற வீட்டில் அறுபத்து மூன்று வருடம் குடியிருந்தவர், உப்புத் தண்ணீரில் கணுக்காலை நனைத்தது கிடையாது. கல்யாணமான கையோடு வேளாங்கண்ணிக்குப் போனோம். ஊரே அலையில் குதிக்கிறது. இவர் காய்ந்த மணலில் என் செருப்பையும் தம் செருப்பையும் ஒரே கையில் பிடித்தபடி, "போதும் ஐவி, மேல வா, போதும்" என்று கத்திக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புதுப்பெண்ணான எனக்கு மானம் போயிற்று.

இப்படிப்பட்ட மனுஷர் முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? கடல் காவல். கிழமை நாட்களில் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் எலெக்ட்ரீஷியன். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு ஏழுவீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். மே மாதம் முழுக்க அங்கேதான். ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம், வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே கிடை. நீச்சல் தெரியாதவரைக் கடலுக்குக் காவல் வைத்த ஊரை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? நான் போடாத சண்டையில்லை. "போங்க, நீங்களும் உங்க பலகையும்" என்று எத்தனையோ தடவை சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்திருக்கிறேன். ஆனால் அவர் படியிறங்கிப் போய்விட்டால், திரும்பி வந்து கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டால்தான் போன உயிர் வரும். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் ஏழுவீடு உண்டான கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஏழுவீடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சென்னையில் பாதிப் பேருக்குத் தெரியாது. திருவான்மியூரும் நீலாங்கரையும் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடது பக்கம் ஒரு மணல் சந்து பிரியும். பெயர்ப்பலகை கிடையாது. சவுக்குத் தோப்புக்குள் வளைந்து வளைந்து போனால் திடீரென்று ஓர் ஊர் நிற்கும். முப்பத்தெட்டு வீடு, ஒரு மளிகைக் கடை, மாதா சிலை வைத்த ஒரு கெபி, வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார். அதற்கப்புறம் கடல்தான். லீவுக்கு வருகிறவர்கள் வருவார்கள், போவார்கள். நிரந்தரமாக யாரும் இருப்பதில்லை.

அறுபது வருடத்துக்கு முன்னால் அதுவும் இல்லை. மயிலாப்பூர், லஸ், சாந்தோம், தி. நகர் என்று ஏழு குடும்பங்கள் சேர்ந்துதான் முதன்முதலில் அங்கே போனார்கள். வக்கீல், டாக்டர், பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர், எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த இரண்டு வாத்தியார் குடும்பங்கள், இப்படி. கோடையில் ஊட்டிக்குப் போக வசதியில்லை, வீட்டுக்குள் புழுங்கவும் முடியவில்லை. திருவான்மியூர் வரைக்கும் பஸ். அதற்குத் தெற்கே தாழம்புதரும் மணல்மேடும்தான். பாய், பாத்திரம், அரிக்கேன் விளக்கு, குழந்தைகள் எல்லாவற்றையும் இரண்டு மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் பின்னால் நடந்து போவார்களாம். ஏழும் கீற்றுக் கொட்டகைகள். குடிக்க மணலில் தோண்டிய ஒரே ஊற்று. பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் "ஏழுவீட்டுக்காரங்க" என்று கூப்பிடப்போக, அதுவே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. கூட்டத்துக்குச் சமையலும் காவலும் ஒரே ஆள்தான், என் மாமனார் மேத்யூ. அவருக்கும் ஒரு குடிசை இருந்தது. அதோடு சேர்த்தால் எட்டு. ஆனால் அதை யாரும் வீடு என்று எண்ணவில்லை.

முதல் கோடையிலேயே ஒரு சாவு. நாலாம் வீட்டு டாக்டரின் தம்பி, இருபது வயசுப் பையன், காலையில் தனியாகக் கடலில் இறங்கியிருக்கிறான். தோப்பில் தூங்குகிறான் என்று அண்ணி நினைத்தாள். குப்பத்துக்குப் போயிருப்பான் என்று அண்ணன் நினைத்தார். மத்தியானப் பந்தியில் ஓர் இலை மட்டும் காலியாகக் கிடந்தபோதுதான் தேட ஆரம்பித்தார்கள். என்ன பிரயோசனம்?

அடுத்த வருடம் வந்ததுதான் பலகை. கடற்கரைக்கு இறங்குகிற இடத்தில் பனங்கட்டையில் அடித்த தேக்குப் பலகை. அதில் ஏழு பித்தளை ஆணி. ஒவ்வொன்றின் கீழும் வீட்டு எண். கடலில் இறங்குகிறவர் தம் துண்டைத் தம் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு உரக்கச் சொல்ல வேண்டும்: "மூணு, வந்தாச்சு!" "அஞ்சு, வந்தாச்சு!" ஆறு மணிக்குப் பலகை காலியாக இருந்தால் பக்கத்தில் தொங்குகிற மணியை அடிப்பார்கள். மணி அடித்த பிறகுதான் சாப்பாடு. ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் குப்பத்திலிருந்து கட்டுமரம் இறங்கும். இன்றைக்கும் அதே வழக்கம்தான். வீடு கூடக்கூட ஆணியும் கூடி, இப்போது முப்பத்தெட்டு ஆணி. காவல்காரனுக்கு மட்டும் அன்றும் ஆணி கிடையாது, நேற்றுவரைக்கும் கிடையாது. அவன் குளிக்கவா வந்தான், வேலை பார்க்கத்தானே வந்தான்.

1969, மே மாதம். மூன்றாம் வீட்டுப் பிள்ளையின் டியூப், லாரி டயருக்குள் இருக்குமே அது, அலையில் போய்விட்டது. ஐந்து வயசுப் பிள்ளை ஊரைக் கூட்டியது. என் மாமனார் அடுப்பிலிருந்து குழம்பை இறக்கி வைத்தார். தோள்துண்டை மகன் மடியில் போட்டு, "இதோ வந்துடறேன்டா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மகன் என்றால் ஹென்றி. ஏழு வயது. ஆறு மணி ஆயிற்று. ஏழு ஆணியும் காலி. யாரோ மணியை அடித்துவிட்டார்கள். ஹென்றி ஓடி வந்து, "அப்பா இன்னும் வரல" என்றிருக்கிறார். பெரியவர் ஒருவர் பலகையைக் கையால் காட்டி, "பலகை காலியாத்தானேடா இருக்கு? எல்லாரும் வந்தாச்சு. உங்கப்பன் கடைக்குப் போயிருப்பான்" என்றாராம். அவர் இறக்கி வைத்த குழம்பை ஊற்றிக்கொண்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். பிள்ளை மடியில் துண்டோடு மணலிலேயே உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலையில், வடக்கே ஒரு மைல் தள்ளி, என் மாமனார் கிடைத்தார்.

இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, கல்யாணமான மூன்றாம் மாதம், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. "பின்னே எதுக்குங்க அந்த இடத்துக்கே போய் நிக்கிறீங்க?" என்று கேட்டேன். "வேற யாரு எண்ணுவா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதனால்தான் அவர் பலகையை நம்ப மாட்டார். ஐந்தரை மணிக்குக் கிளம்பி முப்பத்தெட்டு வீட்டு வாசலிலும் நின்று ஆளைக் கண்ணால் பார்ப்பார். கடைக்காரன், இஸ்திரி போடுகிறவர், வேலைக்கு வந்த பெண்கள், கார் ஓட்டி வந்த டிரைவர்கள், ஒருத்தர் விடாமல் எண்ணுவார். அதற்கப்புறம்தான் மணிக்கயிற்றைத் தொடுவார். "ஹென்றி அங்கிள் அட்டெண்டன்ஸ் எடுக்க வந்துட்டார்" என்று பிள்ளைகள் கேலி செய்யும். ஆறு மணி என்பது ஆறு இருபது ஆகும். பசி தாங்காத சிலர் சங்கத்தில் புகார்கூடக் கொடுத்தார்கள். இவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இந்த வருடம் ஏழுவீட்டுக்கு அறுபது வயது. சங்கத்தின் செயலாளர் ராகவேந்திரன், மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்காரர், பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். விழா மலர் போடுகிறோம் என்று ஏப்ரல் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் வீடு. 1969-இல் டியூப்புக்காக அழுத பிள்ளை இவர்தான். அதை எடுக்கப் போய் ஓர் உயிர் போனது அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

காப்பியைக் குடித்துவிட்டுத் தாளை எடுத்துப் படித்தார்.

"கேளுங்கோ ஹென்றி. 'பலகை வைத்த நாள் முதல் இன்றுவரை ஏழுவீட்டுக் கடலில் ஓர் உயிர்கூடப் போனதில்லை.' எப்படி இருக்கு? எங்கப்பா இதைத்தான் பெருமையாச் சொல்லிண்டே இருப்பார்."

நான் ஹென்றியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கு சார்" என்றார்.

ராகவேந்திரன் தெருமுனை தாண்டினாரோ இல்லையோ, நான் பிடித்துக்கொண்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? உங்கப்பா உயிரு உயிர் இல்லையா?"

"அவர் அஞ்சு வயசுப் பிள்ளை ஐவி. அவருக்கு என்ன தெரியும்? இந்த வயசுல போய் அந்தப் பாரத்தை அவர் தலையில வைக்கணுமா? விடு."

"உங்க தலையில வச்சாங்களே, அப்ப உங்களுக்கு ஏழு வயசு!"

அவர் எழுந்து போய் ஏற்கெனவே பூட்டியிருந்த கேட்டை இன்னொரு தடவை பூட்டினார்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு விழா. நான் ஏழுவீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்துப் பதினோரு வருடம் ஆயிற்று. பெங்களூரில் இருக்கிற மகள் ரெனிட்டாதான் போனில் நச்சரித்தாள், "நீயும் போம்மா, அப்பா கூட்டத்துல தனியா நிப்பார்" என்று. போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பெரிய பந்தல், மைக் செட், மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. பொட்டுப் பொட்டென்று விழ ஆரம்பித்ததும் எல்லோரும் பந்தலுக்குள் ஓடினார்கள். நான் பலகைப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். ஆணிகளில் இரண்டே இரண்டு துண்டு தொங்கியது. ஒன்று வெள்ளை, ஒன்று நீலத்தில் மீன் படம் போட்டது.

நான் முப்பது வருடம் எல்.கே.ஜி. டீச்சர். மழை தூறினால் கொடியில் காய்கிற பிள்ளைகளின் நாப்கினை எடுத்து மடித்து வைப்பது என் கைக்குத் தானாக வரும், மூளையைக் கேட்காது. எடுத்தேன். உதறினேன். நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் போய் உட்கார்ந்தேன். அந்தப் பலகைக்காகவே வாழ்ந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்கு அது துண்டாகத்தான் தெரிந்தது.

ஹென்றி அந்நேரம் பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டரோடு மல்லாடிக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீரில் மைக் செட் ஷாக் அடிக்கிறது என்று யாரோ அவரைக் கூட்டிப் போயிருந்தார்கள். மணி ஆறு. போட்டோக்காரன் அவசரப்படுத்தினான். அறுபதாம் வருட மணியைச் செயலாளர் அடிப்பதுபோல ஒரு படம் வேண்டுமாம். ராகவேந்திரன் பலகையைப் பார்த்தார். காலி. கயிற்றைப் பிடித்து அடித்தார்.

ஜனங்கள் கை தட்டினார்கள். பந்தலின் பின்பக்கத்திலிருந்து ஹென்றி ஓடி வந்ததை நான் பார்த்தேன். கையில் ஸ்க்ரூ டிரைவர், முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"யாரு அடிச்சது? நான் இன்னும் எண்ணலையே, யாரு அடிச்சது?"

"நான்தான் ஹென்றி," என்று ராகவேந்திரன் சிரித்தார். "பலகை காலியாத்தானே இருக்கு? எல்லாரும் வந்தாச்சு."

அதே வார்த்தை. ஹென்றி அப்படியே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டாம் வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "டீச்சர், என் துண்டு உங்ககிட்டயா இருக்கு? ஆணியில காணோமேன்னு தேடுறேன்" என்று வெள்ளைத் துண்டை வாங்கிக்கொண்டார். என் கையில் நீலத் துண்டு மட்டும் மிச்சம். அதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதாவே, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! எழுந்து அவரிடம் ஓடினேன்.

"என்னங்க," என்றேன். துண்டைத் தூக்கிக் காட்டினேன். "மழைன்னு எடுத்துட்டேங்க. நான்தான் எடுத்துட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. "எந்த ஆணி?"

"இருபத்திரண்டு."

இருபத்திரண்டாம் வீட்டில் வேளச்சேரியிலிருந்து வாடகைக்கு வந்த ஓர் இளம் ஜோடி. கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். ஹரி, ஷண்முகப்ரியா. ஹரி கண்ணைக் கசக்கிக்கொண்டு கூட்டத்தில்தான் நின்றான். "பிரியா வாக்கிங் போயிருப்பான்னு நினைச்சேன் அங்கிள். நான் தூங்கிட்டேன்" என்றவன், என் கையிலிருந்த துண்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். நேற்று வந்த பெண், ஹென்றி ஒரே ஒரு தடவை சொன்னதைக் கேட்டு ஒழுங்காகத் துண்டை மாட்டிவிட்டு இறங்கியிருக்கிறாள். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்த நான் அதை எடுத்து மடித்து வைத்திருக்கிறேன்.

எல்லோரும் கரைக்கு ஓடினோம். மழையில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹென்றிதான் கையை நீட்டினார். முப்பத்தைந்து வருடம் கரையில் நின்று பார்த்த கண். "அதோ, நுரை இல்லாம ஒரு பாதை மாதிரி தெரியுதே, அங்கதான் இழுக்கும். அது நேரா போய் வடக்கத் திரும்பும். அங்க பாருங்க, தலை."

ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

பந்தலுக்குக் கயிறு கட்ட வந்த குப்பத்துப் புகழேந்தியும் அவன் தம்பியும் ஏற்கெனவே படகுப் பக்கம் ஓடிவிட்டார்கள். "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க எல்லாரும்? தள்றதுக்கு ஆள் வாங்க! அலை பெருசா கீது, ரெண்டு பேரால ஆவாது!" என்று கத்தினான். ஹரியும் இன்னும் நாலு பேரும் ஓடினார்கள். ஹென்றியும் ஓடினார். பிறகு நின்றார்.

திரும்பி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பலகையைப் பார்த்தார். அவர் கண் முப்பத்தெட்டு ஆணியிலும் போய் வந்தது. அத்தனையும் காலி, ஒன்றுகூட அவருடையது இல்லை. துண்டை என் கையில் வைத்து என் விரல்களை மடக்கினார்.

"பிடி. நான் வந்து கேக்கிற வரைக்கும் கீழ வைக்காதே."

"வேணாங்க. உங்களுக்கு நீச்சல் தெரியாதுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன், வேணாம்."

"எந்த வழியில போகணும்னு எனக்குத்தான் தெரியும் ஐவி" என்றார். சொல்லிவிட்டுப் படகை நோக்கி ஓடினார். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக என் புருஷன் கடலில் கால் வைத்தார். முழங்கால், இடுப்பு, மார்பு. "இடது பக்கம் தள்ளு! இடது பக்கம்!" என்று அவர் குரல் கேட்டது. படகு ஓர் அலையில் எழும்பி, அடுத்த அலையைத் தாண்டியது. அதற்கப்புறம் எனக்கு அழுகையில் கண் மறைத்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜெபமாலையில் ஒரு மணிகூட நினைவுக்கு வரவில்லை. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வடக்கே கூச்சல் கேட்டது. "கிடைச்சிட்டா! உயிர் இருக்கு!" படகு இருநூறு அடி தள்ளிக் கரையேறியது. கூட்டம் மொத்தமும் அங்கே ஓடியது. பிரியாவைத் தூக்கி வந்தார்கள். இருமுகிறாள், வாந்தி எடுக்கிறாள், அழுகிறாள். கடவுளே, அழுகிறாள். ஹரி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தான். தள்ளப் போனவர்களும் ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்கொடுத்தபடி வந்தார்கள். யாரோ பந்தலில் சூடாகக் காப்பி போடச் சொன்னார்கள்.

நான் எண்ணினேன். புகழேந்தி, அவன் தம்பி, ஹரி, அந்த நாலு பேர். மறுபடி எண்ணினேன்.

ராகவேந்திரன் குடையோடு என் பக்கம் வந்தார். "வாங்கோ டீச்சர், நனைஞ்சுண்டு நிக்காதீங்கோ. பகவான் காப்பாத்தினார். எல்லாரும் வந்தாச்சு."

அவர் நீட்டிய குடையைத் தள்ளிவிட்டேன்.

"யாரு வந்தாச்சு? எதைப் பார்த்துச் சொல்றீங்க, பலகையைப் பார்த்தா? என் கையைப் பாருங்க சார்! இந்தத் துண்டு யாரோடதுன்னு பாருங்க! அன்னைக்கும் இப்படித்தானே சொன்னீங்க எல்லாரும், பலகை காலியா இருக்குன்னு! உங்க டியூப்பை எடுக்கப் போன மனுஷன் சார் அவங்கப்பா! அவருக்கு ஆணி இல்ல, அதனால எண்ணல. குழம்பை ஊத்திச் சாப்பிட்டீங்க. இவருக்கும் ஆணி இல்ல. இன்னும் ஒரு ஆள் வரணும்! இன்னும் ஒரு ஆள் வரணும்!"

கடற்கரை முழுக்க நின்றுவிட்டது. புகழேந்தி தலையில் அடித்துக்கொண்டான். "அய்யய்யோ, அண்ணன் தள்ளிவுட்டுட்டுக் கரைக்குத் திரும்பிட்டாருன்னுல்ல நினைச்சேன்!" சொல்லிக்கொண்டே ஓடினான். படகு மறுபடி இறங்கியது. இந்தத் தடவை தள்ளுவதற்கு அந்தக் கரையில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் போனார்கள். ராகவேந்திரன் குடையை வீசிவிட்டு வேட்டியோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் நாற்காலி கொண்டு வந்தாள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் துண்டு மடியில் விழும். மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்த அந்த ஏழு வயசுப் பிள்ளை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. உட்கார மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். நான்தானே கொன்றேன், நான்தானே துண்டை எடுத்தேன் என்று மனசு அரற்றியது.

வடக்கே, வலைக்கு அடையாளமாகக் கட்டி மிதக்கவிட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாராம். கையைப் பிரித்து எடுக்கப் புகழேந்திக்குப் பெரும்பாடு ஆகிவிட்டதாம். இரண்டு பேர் தாங்கலாக நடத்திக் கூட்டி வந்தார்கள். உதடு நீலம், முட்டியெல்லாம் சிராய்ப்பு. என் முன்னால் வந்து நின்று பேச முடியாமல் மூச்சு வாங்கினார்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்றேன். அதுதான் வாயில் வந்தது. "அறிவுன்னு ஒண்ணு இருக்கா?"

"அந்தப் பொண்ணு?"

"வந்துட்டா."

"தள்ளப் போனவங்க?"

"எல்லாரும் வந்துட்டாங்க. எண்ணிட்டேன்."

தலையாட்டினார். "துண்டைக் குடு."

குடுக்க முடியவில்லை. என் விரல் திறக்கவில்லை. ஒவ்வொரு விரலாக அவரேதான் பிரித்து எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் நான் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அன்றைக்கு மலரை யாருக்கும் கொடுக்கவில்லை. நாலு நாள் கழித்து ராகவேந்திரன் சாந்தோமுக்கு வந்தார். மலர் ஒன்றை எடுத்துக் காட்டினார். அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கையால் எழுதியிருந்தார்: 'மேத்யூ, காவலர், 1969.' இருநூறு மலரிலும் இப்படியே எழுதினேன், கை வலிக்கிறது என்றார். போகும்போது வாசலில் நின்றார்.

"அந்த டியூப் மறுநாள் கரை ஒதுங்கித்து டீச்சர். யாரோ கொண்டுவந்து என் கையில கொடுத்தா. நான் அன்னைக்குப் பூரா அதை வெச்சுண்டு விளையாடினேன்." ஹென்றி அவர் தோளைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் நான் மயிலாப்பூர் குளத்துப் பக்கம் வெள்ளைத்துரை ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். பித்தளை ஆணி கேட்டேன். எத்தனை என்றார். ஒன்று என்றேன்.

"ஒத்த ஆணியா? ஒத்த ஆணிக்கு நான் என்னத்த பில்லு போட?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"ஒண்ணு போதும்யா. அறுபது வருஷமா அந்த ஒண்ணுதான் குறையுது."

அவருக்குப் புரியவில்லை. தாளில் சுற்றிச் சும்மாவே கொடுத்தார்.

சனிக்கிழமை அவரோடு நானும் ஏழுவீட்டுக்குப் பஸ் ஏறினேன். ஒன்றாம் நம்பருக்கு முன்னால், பலகையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஆணியை வைத்து நானே சுத்தியலால் அடித்தேன். இரண்டு அடி என் விரலில் விழுந்தது.

"எனக்கு எதுக்கு ஐவி?" என்றார். "நான் இனிமே செத்தாலும் இறங்க மாட்டேன்."

"உங்களுக்குன்னு யார் சொன்னா?"

ஆணியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து அதில் மாட்டினார். ஐந்தரை மணிக்குக் கிளம்பி, வழக்கம்போல முப்பத்தெட்டு வீட்டுக்கும் போய் ஆளை எண்ணிவிட்டு வந்தார். எல்லா ஆணியும் காலி. இது ஒன்றுதான் மிச்சம்.

பலகை முன்னால் வந்து நின்றார். கடலைப் பார்த்தார். துண்டை எடுத்தார். எடுத்துக்கொண்டு, சட்டப்படி, குப்பம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"மேத்யூ, வந்தாச்சு!"

சொல்லிவிட்டு மணியை அடித்தார்.